சிடி வேஷம் போடும் வைஃபை டாங்கிள்: லினக்ஸில் அதை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

டாங்கிளைச் செருகினால் விளக்கு எரிகிறது. வைஃபை பட்டியலில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

மடிக்கணினிக்குள் இருந்த வைஃபை செத்துப்போனதால் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்கினேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது இரண்டு மாலைகளைத் தின்றுவிட்டது. தேடிக் கிடைத்த டிரைவரையெல்லாம் (கருவியை இயக்கும் மென்பொருள்) நிறுவிப் பார்த்தேன், அழித்தேன், மறுபடி நிறுவினேன். கடைசியில்தான் தெரிந்தது: கணினியின் கண்ணுக்கு அது வைஃபை கருவியே இல்லை, ஒரு சிடி டிரைவ். சிடிக்கு எந்த வைஃபை டிரைவரைப் போட்டால் என்ன?

உங்களுக்கும் இதே நிலை என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். டிரைவர் தேடுவது மூன்றாவது படிதான், முதல் படி அல்ல.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், இடைவெளி மாறாமல், சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் இணையத்துக்கு ஒரு வழி

வைஃபை இல்லை, அதனால் டிரைவர் இறக்க முடியாது. டிரைவர் இல்லை, அதனால் வைஃபை வராது. இதை உடைக்கச் சுலபமான வழி கைபேசி. யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, கைபேசி அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இதற்கு வேண்டிய டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. கணினி அதை ஒரு கம்பி இணைப்பு போல எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் உண்டு. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள்.

படி 1: கணினி எதைப் பார்க்கிறது?

டாங்கிளைச் செருகாமல் எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள். பிறகு செருகிவிட்டு இன்னொரு முறை. புதிதாக வந்த வரி எதுவோ அதுதான் உங்கள் கருவி. அந்த வரியில் முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கங்கள் (ஆங்கில எழுத்துகளும் கலந்து வரலாம்). முதல் துண்டு சிப்பையோ கருவியையோ தயாரித்தவரின் எண், இரண்டாவது பொருளின் எண். இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சடித்த மாடல் பெயரை நம்பவேண்டாம். ஒரே மாடல் பெயரில், பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே முற்றிலும் வேறு சிப் இருப்பது சகஜம்.

புதிய வரி எதுவுமே வரவில்லையா? அப்படியானால் இது லினக்ஸ் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு. வேறு போர்ட், வேறு கணினி என்று மாற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 2: என் இரண்டு மாலைகள் போன இடம்

இப்போது எல்எஸ்யுஎஸ்பி -டி என்று அடியுங்கள். டி என்பது ட்ரீ என்ற சொல்லின் முதல் எழுத்து. இது கருவிகளை மரக்கிளை போல அடுக்கி, எதற்கு எந்த டிரைவர் ஒட்டியிருக்கிறது என்று காட்டும். உங்கள் டாங்கிள் இருக்கும் வரியில் மாஸ் ஸ்டோரேஜ் என்றும் டிரைவர் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்றும் இருந்தால், பிடித்துவிட்டோம்.

ஏன் இப்படி? விண்டோஸ் பயனர்களுக்கான டிரைவரைத் தனியாக ஒரு சிடியில் கொடுப்பதற்குப் பதிலாக, டாங்கிளுக்குள்ளேயே சின்ன நினைவகத்தில் வைத்துவிடுகிறார்கள். செருகியதும் அது சிடியாகத் தோன்றும். விண்டோஸ் டிரைவர் நிறுவப்பட்டதும் அந்த டிரைவரே டாங்கிளுக்கு ஒரு சைகை அனுப்பும். உடனே சிடி மறைந்து வைஃபை முளைக்கும். லினக்ஸில் அந்தச் சைகையை அனுப்ப ஆளில்லாவிட்டால் டாங்கிள் காலமெல்லாம் சிடியாகவே உட்கார்ந்திருக்கும். பழைய 3ஜி மோடம்கள் பலவும் இதே வித்தையைத்தான் செய்தன.

இவ்வளவு நாடகத்துக்கும் தீர்வு சில நேரம் ஒரே சொடுக்கு. கோப்பு மேலாளரில் இடப்பக்கம் புதிதாக ஒரு சிடி தெரிகிறதா? வலச்சொடுக்கி எஜெக்ட் கொடுங்கள். ஐந்து வினாடி பொறுத்து மறுபடி எல்எஸ்யுஎஸ்பி. எண் மாறியிருந்தால் வேலை முடிந்தது. ரியல்டெக் சிப் உள்ள பல டாங்கிள்கள் சிடி நிலையில் 0பிடிஏ:1ஏ2பி என்று தெரியும். மாறிய பிறகு முதல் பாதி அப்படியே இருக்கும், இரண்டாம் பாதி மட்டும் சி811 போல வேறொன்றாகிவிடும். டிரைவர் தேட வேண்டியது இந்தப் புது எண்ணுக்கு! நான் பழைய எண்ணைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

எஜெக்ட் வேலை செய்யாவிட்டால் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவியை நிறுவுங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் பொதியின் பெயரில் நடுவே சாதாரணக் கோடு. கட்டளையின் பெயரில் அடிக்கோடு. இந்த ஒரு கோட்டுக்காக நான் கால் மணி நேரம் கட்டளை இல்லை என்ற பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே வரும் தரவுப் பொதியில் இப்படி வேஷம் போடும் கருவிகளின் நீண்ட பட்டியல் உண்டு. உங்களுடையது அதில் இருந்தால், நிறுவிவிட்டு டாங்கிளைக் கழற்றிச் செருகினாலே தானாக மாறிவிடும்.

பட்டியலில் இல்லையென்றால் கையால்:

சுடோ யுஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கே -வி 0பிடிஏ -பி 1ஏ2பி

சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம். கே மட்டும் பெரிய எழுத்து. சிடியை எஜெக்ட் செய் என்று பொருள். வி என்பது வெண்டரின் முதல் எழுத்து, பி என்பது ப்ராடக்டின் முதல் எழுத்து. எண்கள் இரண்டையும் உங்கள் தாளில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இது நடந்தால் மகிழ்ச்சி, ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் டாங்கிள் மறுபடி சிடிதான். நிரந்தரமாக்க, கருவிகள் செருகப்படுவதைக் கவனிக்கும் யுடெவ் என்ற லினக்ஸ் சேவைக்கு விதி ஒன்று எழுத வேண்டும். ஈடிசி அடைவுக்குள் யுடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி என்ற அடைவு. அங்கே டாட் ரூல்ஸ் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு, அதில் ஒரே வரி: கருவி சேர்க்கப்படும்போது, வெண்டர் எண் இது, ப்ராடக்ட் எண் இது என்றால், மேலே சொன்ன கட்டளையை ஓட்டு. யுடெவ் கையேட்டில் மாதிரி வரிகள் உள்ளன. இரண்டு இடங்களில் மட்டும் கவனம். ஒன்று, எண்ணை ஒப்பிடும் இடத்தில் சமக்குறி இரண்டு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் ஒப்பிடுவதற்குப் பதில் அந்த மதிப்பை எழுது என்று அர்த்தமாகிவிடும். நான் போட்டது ஒன்றுதான். இரண்டு, கட்டளைக்கு முழுப் பாதை கொடுக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது. சேமித்துவிட்டு சுடோ யுடெவ்அட்ம் கன்ட்ரோல் --ரீலோட் கொடுத்து, டாங்கிளைக் கழற்றிச் செருகுங்கள்.

படி 3: டிரைவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா?

மறுபடி எல்எஸ்யுஎஸ்பி -டி. டிரைவர் என்ற இடத்தில் ஏதாவது பெயர் வந்துவிட்டதென்றால் நேராகப் படி 4-க்குப் போங்கள்.

காலியாக இருந்தால், யுநேம் -ஆர் என்று அடித்துக் கர்னல் பதிப்பைப் பாருங்கள். ரியல்டெக்கின் 8821சியு, 8822பியு, 8822சியு போன்ற யுஎஸ்பி சிப்களுக்கான ஆதரவு 6.2 கர்னலில்தான் உள்ளே வந்தது. மீடியாடெக்கின் 7921 சிப்புக்கு 5.18-லேயே வந்துவிட்டது. உபுண்டு 22.04 வெளியானபோது 5.15 கர்னலோடு வந்தது. ஆனால் பழைய பதிப்புக்கு உபுண்டுவே தரும் புதிய கர்னலான எச்டபிள்யூஇ கர்னலை நிறுவினால் 6.8 வரை ஏறலாம். டெபியன் 12-இல் இருப்பது 6.1, ஒரே ஒரு படி குறைவு! அங்கே பேக்போர்ட்ஸ் என்ற கூடுதல் பொதிக் களஞ்சியத்திலிருந்து புதிய கர்னல் எடுத்துக்கொள்ளலாம்.

என் கருத்தை ஒளிக்கப்போவதில்லை: கர்னலைப் புதுப்பிப்பதால் வேலை முடியுமென்றால், எங்கோ ஒரு தனியாள் வைத்திருக்கும் டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்யாதீர்கள். இன்று ஓடும். அடுத்த கர்னல் வந்ததும் நின்றுவிடும். அன்றைக்குத்தான் உங்களுக்கு அவசரமாக இணையம் வேண்டியிருக்கும்.

வேறு வழியே இல்லையென்றால் டிகேஎம்எஸ் முறையில் நிறுவும் வசதி உள்ள டிரைவராகப் பார்த்து எடுங்கள். கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி கட்டிக்கொடுப்பது டிகேஎம்எஸ்ஸின் வேலை. உங்கள் கர்னலுக்குரிய ஹெடர்ஸ் பொதியும் (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுமானம் பாதியில் நிற்கும்.

படி 4: ஃபர்ம்வேர்

ஃபர்ம்வேர் என்பது டாங்கிளின் சிப்புக்குள் ஓடும் மென்பொருள். டிரைவர் இருந்தும் வைஃபை வரவில்லையா? சுடோ டிமெஸ்ஜ் -டபிள்யூ ஓடவிட்டு டாங்கிளைச் செருகுங்கள். டிமெஸ்ஜ் என்பது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்து. கர்னல் பேசுவது அப்படியே ஓடும். டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் என்று தொடங்கி, ஃபெயில்டு, எர்ரர் -2 என்று முடியும் வரி தெரிந்தால் கவலை வேண்டாம். -2 என்றால் அந்தக் கோப்பு இல்லை என்று பொருள், அவ்வளவுதான். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பெயரில் தொடங்கும் பொதிகளையும், ஃபெடோராவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர், ரியல்டெக்-ஃபர்ம்வேர் போன்ற பொதிகளையும் புதுப்பியுங்கள். டெபியனில் ஃபர்ம்வேர்-ரியல்டெக் தனிப் பொதி. அது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் தட்டிலேயே அந்தப் பிரிவு சேர்ந்து வருகிறது. முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள் கையால் சேர்க்க வேண்டியிருக்கும்.

படி 5: கடைசிக் கதவுகள்

வைஃபை எங்காவது தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடியுங்கள். சாஃப்ட் ப்ளாக்டு என்பதற்கு எதிரே யெஸ் இருந்தால் சுடோ ஆர்எஃப்கில் அன்ப்ளாக் வைஃபை. ஹார்டு ப்ளாக்டு என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டுச் சுவிட்சையோ விசைப்பலகையின் விமான விசையையோ தேடுங்கள். மென்பொருளால் அதை அசைக்க முடியாது.

பிறகு என்எம்சிஎல்ஐ டிவைஸ். உபுண்டு, டெபியனில் உங்கள் டாங்கிள் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி நீளமான பெயரோடு வரும். பயப்பட வேண்டாம். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருப்பது டாங்கிளின் மேக் முகவரி, அதாவது அதன் பன்னிரண்டு இலக்க அடையாள எண். மூன்றும் பன்னிரண்டும் சேர்ந்து பதினைந்து. லினக்ஸில் நெட்வொர்க் இடைமுகத்தின் பெயருக்கு உள்ள உச்ச நீளமும் அதேதான்.

பெயருக்கு எதிரே டிஸ்கனெக்டட் என்று இருந்தால் அது நல்ல செய்தி. கருவி தயார், இணைப்புக்குக் காத்திருக்கிறது. மேல்மூலை வைஃபை படத்தைச் சொடுக்கி இணைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1

டிகேஎம்எஸ் பிழையில்லாமல் முடிந்தது, ஆனாலும் டிரைவர் ஏறவில்லை, கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ் என்று வருகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். என் கணினியில் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) அணைந்திருந்ததால் இது எனக்குத் தோன்றவே இல்லை. மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட் கொடுத்துப் பாருங்கள். எனேபிள்டு என்றால், கையெழுத்து இல்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. கர்னலோடு வரும் டிரைவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. படி 3-இல் நான் புலம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உபுண்டுவில் டிகேஎம்எஸ் டிரைவர் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். எண்கள் மட்டும் கொண்டதாக வையுங்கள். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். பத்து வினாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும். அழுத்தியதும் என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பிறகு அந்தக் கடவுச்சொல். மோக் என்பது டிரைவரின் கையெழுத்தைச் சரிபார்க்க உங்கள் கணினியில் பதியும் சாவி. அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அடித்துக்கொண்டே போங்கள். அந்தத் திரையில் உங்கள் வழக்கமான விசைப்பலகை அமைப்பு இருக்காது; குறியீடுகள் இடம் மாறியிருக்கலாம். எண்கள் மட்டும் என்று சொன்னது அதற்காக. பத்து வினாடியைத் தவறவிட்டவர்கள் சாவியை மோக்யுடில் --இம்போர்ட் மூலம் மறுபடி பதியக் கேட்டு, முதலிலிருந்து வாருங்கள்.

பின்சேர்க்கை 2

இணைகிறது, ஆனால் சில நிமிடங்களில் அறுந்துபோகிறது என்று ஒருவர். அவர் டாங்கிளைச் செருகியிருந்த நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று 2012-இல் இன்டெலே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு சிறு நீட்டிப்பு வயரில் தள்ளிவைத்தார், சரியாகிவிட்டது. முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.

வயரை மாற்றியும் அறுபட்டால் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். உபுண்டுவில் ஈடிசி அடைவின் நெட்வொர்க்மேனேஜர் (என், எம் இரண்டும் பெரிய எழுத்து), அதற்குள் கான்ஃப்.டி அடைவில் வைஃபை-பவர்சேவ் என்ற பெயரோடு ஒரு கோப்பு இருக்கும். அதில் உள்ள 3-ஐ 2 ஆக்குங்கள். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. 0 என்றால் அணைப்பு என்று நினைத்து நான் முதலில் 0 போட்டேன். அது இயல்புநிலைக்கே விட்டுவிடு என்று பொருளாம்.

பின்சேர்க்கை 3

புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள். என் தேர்வு மீடியாடெக் 7612 அல்லது 7921 சிப் உள்ள டாங்கிள். இரண்டுக்கும் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. அதிலும் சிடி வேஷம் போடும் தயாரிப்புகள் உண்டு. அப்படி ஒன்று வாய்த்துவிட்டால் படி 2-இலிருந்து தொடங்குங்கள், எஜெக்ட் பொத்தானை முதலில் முயன்றுவிட்டு.