தொண்டைச் சதை வீக்கமும் செட் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "அண்ணே, தொண்டை வலி, காய்ச்சல். ஒரு செட் மாத்திரை கொடுங்க." ஆன்டிபயாடிக், காய்ச்சல் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சில நேரம் ஒரு ஸ்டீராய்டு எல்லாம் ஒரே கவரில் வரும். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கவருக்குள்ளேயே இருக்கின்றன.

டான்சில் எனும் தொண்டைச் சதையை வீங்க வைப்பது கிருமி மட்டுமல்ல. அங்கே குடியிருக்கும் நம் நோய் எதிர்ப்பு செல்கள் கிருமியை அடையாளம் கண்டதும் சுரக்கும் ரசாயனங்களே வலிக்கும் காய்ச்சலுக்கும் பெரும் காரணம். கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகிய ரசாயனங்களைப் புதிதாகத் தயாரித்து வெளிவிடும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ரத்தத்தின் வழியே அவை அனுப்பும் செய்தியால் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் உண்டாகி, உடல் சூடு ஏறுகிறது. தொண்டையிலும் அதே புராஸ்டாகிளாண்டின், செல் சவ்வில் உள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து உருவாகி, ரத்தக்குழாய்களை விரித்து, எச்சில் விழுங்கினாலே வலிக்கும்படி நரம்பைக் கூச வைக்கிறது.

இன்னொரு வகை எதிர்ப்பு செல்களான மாஸ்ட் செல்களின் வழி வேறு. ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை முன்கூட்டியே துகள்களில் சேர்த்து வைத்து, சில நிமிடங்களில் கொட்டிவிடும். அலர்ஜி மாத்திரை தடுப்பது இந்த ஹிஸ்டமினை மட்டும்தான். கிருமித்தொற்றால் வரும் தொண்டை வலியில் அதன் பங்கு சிறியது. அந்த மாத்திரையால் தூக்கம் வருமே தவிர வலி போகாது.

ஆஸ்பிரின் வகை மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். வலி குறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைப்பது தவறு. ரசாயனம் குறைந்திருக்கிறது, கிருமி அங்கேயேதான் இருக்கிறது. நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், ஆஸ்பிரினும் அதே வகையைச் சேர்ந்த ஐபுபுரோஃபெனும் நாமாக வாங்கிப் போடவே கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வைரஸ் காய்ச்சல் உள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரை நோய் என்ற கொடிய பாதிப்பு வரலாம். டாக்டரைப் பார்க்கும்வரை உடல் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஸ்டீராய்டுதான். இந்த ரசாயனங்கள் பலவற்றை அது ஒரே அடியாக அடக்கிவிடுவதால் மறுநாளே தெம்பாக இருக்கும். கிருமியோடு போராடும் செல்களும் அதே வேகத்தில் அடங்கிவிடுகின்றன என்பதை அந்தத் தெம்பு மறைத்துவிடும். டாக்டர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வீண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று டாக்டர் உறுதிசெய்து அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை 10 நாளுக்கு எழுதினால், மூன்றாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடாதீர்கள். சரியாகச் சிகிச்சை பெறாத தொற்றுக்குப் பின், இரண்டு மூன்று வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போன பிள்ளைகள் உண்டு.

கழுத்தில் சுண்ணாம்பு தடவுவதால் உள்ளே சுரப்பது எதுவும் குறையாது, தோல்தான் புண்ணாகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் வழிந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அப்போதும் சரி, மூச்சு விடச் சிரமம் இருந்தாலும் சரி, மருந்துக்கடைப் பக்கம் போகாமல் நேரே ஜிஎச்சுக்கோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ கிளம்புங்கள்.