சர்ச்சைக்குரிய சமய நூலை வாசிப்பதா வேண்டாமா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமாயணத்தை விமர்சிக்கும் பெரியாரின் ‘இராமாயண பாத்திரங்கள்’ போன்ற ஒரு நூலைக் கையில் எடுக்கத் தயங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அது தடை செய்யப்பட்ட நூலா என்பதைத்தான். அந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவெடுப்பது பெரிய தவறு. அந்நூலின் ஆங்கில வடிவத்தையும் ‘சச்சி ராமாயண்’ என்ற இந்தி வடிவத்தையும் பறிமுதல் செய்ய உத்தரப் பிரதேச அரசு 1969 டிசம்பரில் ஆணையிட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் அந்த ஆணையை ரத்து செய்தது. 1976இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் வழியாக உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆட்சேபத்துக்குரிய பக்கங்களைப் பட்டியலிட்ட அரசு, அப்படிக் கருதுவதற்கான காரணங்களை ஆணையில் சொல்லவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. ஆகவே, தடை விதிக்கப்பட்டதால் நூல் பொய் என்பதும், தடை நீங்கியதால் நூலில் உள்ளதெல்லாம் மெய் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்பதும் ஒருசேரத் தவறானவை.

இதைவிட ஆழமான தவறு, எந்த மூலத்தை நூல் விமர்சிக்கிறதோ அந்த மூலத்தை அறியாமலே வாசிக்கத் தொடங்குவது. பெரியார் பெரிதும் எடுத்துக்கொண்டு பேசுவது வால்மீகியை. நம்மில் பலருக்குத் தெரிந்ததோ கம்பனும் கதாகாலட்சேபமும் தொலைக்காட்சித் தொடரும்தான். சீதையைக் கவர்ந்து செல்லும் இடத்தை மட்டும் பாருங்கள்: வால்மீகியின் இராவணன் அவளைக் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான், கம்பனின் இராவணனோ அவளைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். இந்த வேறுபாடு தெரியாதவர், வால்மீகியில் உள்ளதைச் சுட்டினாலும் இட்டுக்கட்டியது என்று கொதிப்பார். அல்லது, கம்பனும் அதையேதான் எழுதினான் என்று நம்பிவிடுவார். ஆரணிய காண்டத்தை இரண்டு காப்பியங்களிலும் உரையுடன் படித்துவிட்டு விமர்சனத்துக்கு வருவதே நல்லது. அதற்குச் சில வாரங்கள் பிடித்தாலும் பாதகமில்லை.

துண்டுப் பக்கங்களை வைத்து முழு நூலையும் எடைபோடுவது இன்னொரு தவறு. 2014இல் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, கோயில் திருவிழாவைப் பற்றிய சில பக்கங்கள் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. நாவலின் குழந்தையில்லாத தம்பதியான காளியும் பொன்னாவும் ஊராரின் பேச்சைத் தாங்கித் தாங்கி நொந்துபோவதை அந்த நகல்களை மட்டும் கண்டவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும்? இன்று கைபேசியில் வரும் ஒற்றைப் பக்கப் படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நம்பிக்கையுள்ளவர் ஒருவர் நன்றாக யோசித்து, இந்நூல் எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கினால், அவரைக் கோழை என்று ஏளனம் செய்வது அநியாயம். பிடிக்காத நூலை வாசித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதை, ‘மாதொருபாகன்’ வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றமும் எடுத்துச் சொன்னது. ஆனால் வாசிக்காதவர் அந்நூலில் இன்னது இருக்கிறது என்று சாட்சி சொல்லக் கூடாது. அடுத்தவர் வாசிப்பதைத் தடுக்கவும் கூடாது.