கயோட்டி வேட்டை: முதல் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா?

கயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், ஓநாய் போன்ற, பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும் விலங்கு. மான் சுடும் பெரிய தோட்டா இதற்குத் தேவையே இல்லை. கடை அலமாரியில் நீங்கள் பார்க்க வேண்டியது நாலைந்து பெட்டிகளைத்தான்.

1. எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்?

முயல் அலறுவதுபோல ஒலியெழுப்பி அருகே வரவழைப்பதாக இருந்தால், பெரும்பாலும் 200 கெஜத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகை தாராளம். அதன் முனையிலுள்ள 55 கிரெய்ன் (சுமார் 3.6 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்தில் கிளம்பும். உதைப்பும் குறைவு, விலையும் குறைவு. நிறையச் சுட்டுப் பழகலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் மாதிரி வெட்டவெளியில் 300 கெஜம் தாண்டுமென்றால் .22-250 தோட்டா. அதே எடைக் குண்டு 3,600 அடிக்கு மேல் பறக்கும். குழல்தான் சீக்கிரம் தேயும். மானுக்கும் அதே துப்பாக்கி வேண்டுமென்றால் .243 வின்செஸ்டர். .17 எச்.எம்.ஆர். என்ற சின்னத் தோட்டா வேண்டாம். 17 கிரெய்ன் குண்டு பட்ட கயோட்டி காயத்தோடு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும்.

2. குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். குழலில் 1:12 என்று இருந்தால், குண்டு 12 அங்குலம் நகர்வதற்குள் ஒரு சுற்றுச் சுழலும். அதில் 55 கிரெய்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 77 கிரெய்ன் மாதிரி நீளக் குண்டுகளுக்கு 1:8 அல்லது 1:7 வேண்டும். சுழற்சி போதாவிட்டால் குண்டு தள்ளாடி, குறி அட்டையில் பக்கவாட்டு ஓட்டை விழும்.

இன்னொன்று: ‘.223 ரெமிங்டன்’ என்று மட்டும் பொறித்த குழலில், ராணுவ வகையான 5.56 நேட்டோ தோட்டாவைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அழுத்தம் அளவு மீறிப் போகலாம்.

3. குண்டின் வகை

முழுக்க உலோக உறையிட்டது வேண்டாம், துளைத்துக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் முனை வைத்த, உள்ளே போய் உடையும் குண்டு சரி. தோலை விற்பவர்களுக்கும் இதுவே தோது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. மற்ற மாநிலங்களில் இரவு வேட்டை விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. சுட்டுப் பாருங்கள்

இரண்டு மூன்று கம்பெனிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கெஜத்தில் ஐந்தைந்து சுடுங்கள். ஓட்டைகள் எதில் நெருக்கமாக விழுகின்றனவோ அதுதான் உங்கள் துப்பாக்கிக்கு. அப்புறம் .223 என்றால் 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்யுங்கள். 100-இல் ஒன்றரை அங்குலம் போல மேலே படும், 300-இல் ஏழெட்டு அங்குலம் இறங்கும்.