வாக்காளர் அட்டை வந்தால் வாக்களிக்கப் போய்விடாதீர்கள்: கனடாவின் 2025 ஆம் ஆண்டிலிருந்து சில குறிப்புகள்

கனடாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் குளிர்ச்சட்டையைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விமான நிலையத்துக்கு அழைக்க வரும் சித்தப்பாவே ஒன்றைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு, ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதிக்கான ஓஹிப் அட்டை எல்லாம் மூல ஆவணங்களோடு போய் வரிசையில் நின்றால் முடிகிற காரியங்கள். பிரதியை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள், வேறு சிக்கல் இல்லை. ஒருவரும் சொல்லித்தராமல் விடுவது இந்த நாட்டின் அரசியலைத்தான். வந்து இறங்கியவனுக்கு எதற்கு அரசியல் என்று கேட்பீர்கள். 2025 இல் இங்கே இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு அரசியல் கடிதப் பெட்டிக்குள்ளேயே வந்து விழுந்தது. என் நண்பர் ஒருவருக்கு அது வழக்கறிஞர் கட்டணத்தில் போய் முடிந்தது.

ஜனவரி 6 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பதவி விலகப்போவதாக அறிவித்தார். அதோடு லிபரல் கட்சிக்குள் தலைமைப் போட்டி தொடங்கியது. அது முடியுமுன் ஒன்ராறியோவில் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் மாகாணத் தேர்தலை முன்கூட்டியே நடத்தினார். பெப்ரவரி 27, முழங்கால் பனியில் வாக்களிப்பு. மூன்றாவது முறையாகவும் பெரும்பான்மை அவருக்கே. மார்ச் 4 அன்று அமெரிக்கா பெரும்பாலான கனடியப் பொருட்களுக்கு 25 வீத இறக்குமதி வரியை விதித்தது. அன்றே ஒன்ராறியோவின் அரச மதுக்கடைத் தட்டுகளிலிருந்து அமெரிக்கப் போத்தல்கள் காணாமற்போயின. தங்களை ஐம்பத்தோராவது மாநிலம் என்று டிரம்ப் சொல்லச் சொல்ல, அதுவரை கொடி பிடித்துப் பழக்கமில்லாத கனடியர்கள் வீட்டு வாசலில் மேப்பிள் கொடி கட்டினார்கள். மார்ச் 9 இல் மார்க் கார்னி கட்சித் தலைவரானார், 14 இல் பிரதமரானார், 23 இல் தேர்தலை அறிவித்தார். ஏப்ரல் 28 இல் நாடு வாக்களித்தது. 343 தொகுதிகளில் லிபரல்களுக்கு 169 கிடைத்தன, பெரும்பான்மைக்கு மூன்று குறைவு. எதிர்க்கட்சித் தலைவர் பியேர் பொலியேவ் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்.

ஆக, ஒன்ராறியோவில் இருந்த ஒருவருக்கு நான்கு மாதத்துக்குள் மூன்று வாக்களிப்புகள்: கட்சித் தலைமைக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று. பொறி இங்கேதான் இருக்கிறது. குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் இருந்தால், முதலாவதில் உங்களுக்கு வாக்கு உண்டு. மற்ற இரண்டில் கிடையாது.

விளக்குகிறேன். கட்சி என்பது இங்கே சட்டப்படி ஒரு சங்கம் போன்றது, தன் அங்கத்தவர் யார் என்பதைத் தானே தீர்மானிக்கும். லிபரல் கட்சி முன்பு நாட்டில் வசிக்கும் யாரையும் பதிந்துகொண்டது. 2025 தலைமைப் போட்டிக்காக விதியை இறுக்கியபோதும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களை விட்டுவைத்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகூடப் பதியலாம், பதிவுக் கட்டணமும் இல்லை. கோயில் வாசலிலும் பலசரக்குக் கடையிலும் படிவத்தோடு ஆட்கள் நிற்பதற்குக் காரணம் இதுதான். தொகுதியில் கட்சியின் வேட்பாளர் யார் என்று தெரிவுசெய்யும் நியமனப் போட்டி என்றால் இன்னும் மும்முரம். எங்கள் ஆட்களுக்கு இதில் நல்ல கைப்பழக்கம் உண்டு. ஒரு மாலைக்குள் ஒரு மண்டபத்தை நிரப்பிக் காட்டுவார்கள். (அந்த மாலையில் தரப்படும் கொத்துரொட்டிக்காகப் போகிறவர்களையும் நான் அறிவேன். குறை சொல்லவில்லை, கொத்துரொட்டி நன்றாகவே இருந்தது.) தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீடு பற்றி விசாரித்த ஓக் ஆணைக்குழு, குடிமக்கள் அல்லாதோர் இப்படிக் கட்சிப் போட்டிகளில் வாக்களிப்பதைப் பற்றியும் கவலை தெரிவித்தது. எனினும் இன்றைக்கு அது சட்டவிரோதம் இல்லை.

என் நண்பர் நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர். பதிந்தார், மார்ச்சில் இணையத்தில் முறையாக வாக்களித்தார். மகிழ்ச்சியோடு ஊருக்கும் தொலைபேசியில் சொன்னார். ஏப்ரலில் அவர் பெயரும் முகவரியும் அச்சிட்ட வாக்காளர் தகவல் அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. எந்தப் பாடசாலை, எந்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. சந்தேகப்பட அவருக்கு என்ன காரணம் இருந்தது? ஊரில் கிராம அலுவலர் படிவத்தோடு வருவார், வாக்காளர் இடாப்பில், அதாவது பட்டியலில், பெயர் ஏறும், தேர்தல் நேரத்தில் தபால்காரர் அட்டையைக் கொடுப்பார். அட்டை வந்துவிட்டால் வாக்கு உண்டு என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் அட்டையைப் பார்த்தால் அப்படித்தான் நினைக்கிறார்கள். போதாக்குறைக்கு லண்டனில் இருக்கும் மைத்துனர், "நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டோடுதானே இங்கே வாக்களிக்கிறோம்" என்று வேறு சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யல்ல. பிரித்தானியாவில் சட்டபூர்வமாக வசிக்கும் பொதுநலவாய நாட்டவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். கனடாவும் பொதுநலவாய நாடுதான், ஆனால் இங்கே அந்தச் சலுகை இல்லை. லண்டன் மைத்துனர்களிடம் கனடாச் சட்டம் கேட்பதை எங்கள் சமூகம் எப்போது நிறுத்தப்போகிறதோ தெரியவில்லை.

முன்கூட்டிய வாக்களிப்பு உயிர்த்த ஞாயிறு நீண்ட வார இறுதியில் நடந்தது. பெரிய வெள்ளியிலிருந்து திங்கள் வரை நாட்டில் எழுபது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். நண்பரும் வரிசையில் நின்றார். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டினார். பெயரும் முகவரியும் பொருந்தினால் போதும், குடியுரிமைச் சான்றிதழை அங்கே ஒருவரும் கேட்பதில்லை. விரலில் மை இல்லை, சின்னம் இல்லை, விருப்பு வாக்கு இல்லை. வேட்பாளர் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு குறி, அவ்வளவுதான். கோடையில் ஒரு கடிதம் வந்தது. அவர் குடிமகனா, எப்போதிலிருந்து என்று தேர்தல் அதிகாரிகள் கேட்டிருந்தார்கள்.

அந்தப் பெயர் இடாப்பில் ஏறிய வழியைக் கேளுங்கள். தேசிய வாக்காளர் இடாப்புக்குப் பெயர் சேரும் பெரிய வழிகளில் ஒன்று வருமான வரிப் படிவம். அதன் தொடக்கப் பகுதியிலேயே இரண்டு கேள்விகள் இருக்கும். முதலாவது, நீங்கள் கனடியக் குடிமகனா என்பது. இரண்டாவது, அப்படியானால் உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதியைத் தேர்தல் திணைக்களத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்பது. முதலாவதுக்கு இல்லை என்றால் இரண்டாவதைத் தாண்டிப் போகவேண்டும். நண்பரின் முதல் வருட வரியைச் செய்துகொடுத்தவர் ஒரு தமிழர், அடித்தளத்தில் மேசை போட்டு நாளுக்கு இருபது பேருக்குச் செய்கிறவர். அவர் இரண்டுக்கும் "ஆம்" போட்டு அனுப்பிவிட்டார். நண்பர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, எவ்வளவு திரும்பி வரும் என்ற கடைசி வரியைத்தான் பார்த்தார். ஏப்ரல் 30 க்குள் வரி கட்டவேண்டிய அவசரத்தில் நம்மில் யார் தொடக்கப் பக்கங்களைப் படிக்கிறோம்? ஆனால் கையொப்பம் உங்களுடையது. செய்துகொடுத்தவர் "எல்லோருக்கும் அப்படித்தான் போடுவது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்தார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

இது அவருக்கு மட்டும் நடந்த விபரீதம் அல்ல. 2019 இல் தேர்தல் திணைக்களம் குடிவரவுத் தரவுகளோடு இடாப்பை ஒப்பிட்டபோது, குடிமக்கள் அல்லாதவர்களாகத் தெரிந்த ஏறத்தாழ 103,000 பெயர்களைக் கண்டது. அந்த ஒப்பீடு இருப்பதால்தான் உங்கள் பெயர் இடாப்பில் ஏறினாலும் பிறகு அகப்படும். தகுதியில்லை என்று தெரிந்துகொண்டு வாக்களிப்பது கனடாத் தேர்தல் சட்டத்தின்படி குற்றம், தண்டத்துக்கும் சிறைக்கும் அதில் இடமுண்டு. நண்பருக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரியாது என்பதை எழுத்தில் விளக்க ஒரு வழக்கறிஞர் வேண்டியிருந்தது. குற்றச்சாட்டுப் பதிவானால் குடியுரிமை விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும் என்று அவர் சொன்னதும் நண்பர் தூக்கத்தை இழந்தார். ஐந்து வருடத்துக்குள் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்கவேண்டும் என்ற கணக்கு முடிந்து, விண்ணப்பம் நிரப்பித் தயாராக இருந்தது. அதை மேசை இழுப்பறைக்குள் வைக்கவேண்டியதாயிற்று. கடைசியில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வழக்கறிஞரின் பணமும் விண்ணப்பம் கிடந்த மாதங்களும் போனது போனதுதான்.

ஆகவே வரி செய்துகொடுப்பவர் யாராக இருந்தாலும், மாமா மகனாக இருந்தாலும், அனுப்புமுன் தொடக்கப் பக்கங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குடிமகனா என்ற இடத்தில் "இல்லை" இருக்கவேண்டும். ஏற்கெனவே "ஆம்" போய்விட்டதென்றால் வரித் திணைக்களத்தில் திருத்தம் செய்யலாம். தேர்தல் திணைக்களத்தை அழைத்து இடாப்பிலிருந்து பெயரை நீக்கச் சொல்லலாம், அவர்கள் மரியாதையாகவே செய்கிறார்கள். அட்டை வந்தால் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது போதாது, அடுத்த தேர்தலுக்கு அது மீண்டும் வரும்.

இதைப் படித்துப் பயந்து அரசியல் பக்கமே தலைவைக்காமல் இருந்துவிடாதீர்கள், அது இன்னொரு மடமை. இந்நாட்டு உரிமைகள் சாசனத்தின் இரண்டாம் பிரிவு பேச்சுரிமையையும் அமைதியாகக் கூடும் உரிமையையும் "ஒவ்வொருவருக்கும்" தருகிறது. மூன்றாம் பிரிவு வாக்குரிமையை "ஒவ்வொரு குடிமகனுக்கும்" தருகிறது. அதாவது வாக்களிப்பதும் வேட்பாளராவதும்தான் குடிமக்களுக்கு மட்டும், பேசவும் கூடவும் உங்களுக்கும் உரிமை உண்டு. 2009 மே 10 அன்று, இலங்கைப் போரை நிறுத்தக் கோரி, ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தவர்களில் எத்தனை பேரிடம் கனடியக் கடவுச்சீட்டு இருந்தது? பதினாறு வருடம் கழித்து, அதே மே 10 இல், பிரம்ரனின் சிங்குவாகூசிப் பூங்காவில் தமிழினப் படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டது. கொழும்பு அரசு கனடிய உயர்ஸ்தானிகரை அழைத்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. தூபி திறந்து மூன்று நாள் கழித்து, மே 13 இல், ஸ்காபரோவிலிருந்து தெரிவான கெரி ஆனந்தசங்கரி பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். சிறுவனாக அகதியாய் இங்கே வந்த ஒருவர். அந்த வாரம் எங்கள் தெருவில் தேநீர் குடித்தவர்களின் குரல் எல்லாம் ஒரு சுருதி உயர்ந்துதான் இருந்தது, என்னுடையதும்.

நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள் கட்சிக்கு நன்கொடையும் கொடுக்கலாம். 2025 இல் ஒரு கட்சிக்கு உச்சவரம்பு 1,750 டொலர். உங்கள் பணமாக இருக்கவேண்டும். "நான் தருகிறேன், உங்கள் பெயரில் எழுதுகிறேன்" என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள், அதுவும் குற்றம்தான். வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருப்பவர்கள் நன்கொடையே கொடுக்க முடியாது.

2025 இன் மறுபாதி எங்களை வேறு விதமாகத் தொட்டது. ஆகஸ்ட் 16 இல் எயார் கனடா விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்லூர்த் தேருக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்தவர்கள் பெட்டியோடு வீட்டில் இருந்தார்கள். செப்டெம்பர் 25 இல் நாடு முழுவதும் தபால் ஊழியர்கள் இறங்கினார்கள். வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, காசோலை எல்லாம் எங்கோ ஒரு கிடங்கில் முடங்கின. தொழிற்சங்கம் இங்கே உயிரோடு இருக்கிறது என்பதை மனதில் வைத்து, தபாலில் வரவேண்டிய எதற்கும் கடைசி நாளை நம்பாதீர்கள். நேரடி வைப்பைப் பதிவுசெய்யுங்கள், குடிவரவு விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்புங்கள். அதற்கு முன்பே, எரிபொருளுக்கான நுகர்வோர் கார்பன் கட்டணம் ஏப்ரல் 1 உடன் நின்றது. அந்தக் கட்டணத்துக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழுந்த தள்ளுபடித் தொகையை இனி எதிர்பார்க்கவேண்டாம், பழைய வழிகாட்டிகளில் அது இன்னும் எழுதியிருக்கும்.

நவம்பர் 4 வரவுசெலவுத் திட்டத்தோடு குடிவரவு எண்ணிக்கையும் குறைந்தது. 2026 க்கு நிரந்தர வதிவிட இலக்கு 380,000. வீட்டு வாடகைக்கும் மருத்துவமனை வரிசைக்கும் புதிதாக வந்தவர்களே காரணம் என்ற பேச்சை நீங்கள் கேட்பீர்கள். வெள்ளைக்காரர் சொன்னால் எனக்கு அவ்வளவு உறைப்பதில்லை. எங்கள் ஆட்களே, திருமண மண்டபத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டு, "இப்போது கனபேர் வந்துவிட்டார்கள்" என்று சொல்லும்போதுதான் பொறுக்க முடிவதில்லை. 1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தபோதும், 2010 இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோதும் இதே வசனத்தை வேறு யாரோ எங்களைப் பார்த்துச் சொன்னார்கள். அப்படிப் பேசுகிறவர் பக்கத்தில் அமர்ந்தால் எதிர்வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள், வேலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் வேலை எடுத்துத் தருவார், மனம் கெட்டவர் அல்லர்.

அடுத்து வருவது 2026 அக்டோபர் 26, ஒன்ராறியோவின் மாநகரத் தேர்தல். மேயர், நகரசபை உறுப்பினர், பாடசாலைச் சபை உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே நாளில் வாக்களிப்பு, தமிழ்ப் பெயர்கள் நிறையவே இருக்கும். மாகாணத்துக்கும் மாநகரங்களுக்கும் இப்போது ஒரே இடாப்பு, அதைப் பராமரிப்பது ஒன்ராறியோத் தேர்தல் திணைக்களம். குப்பை அள்ளுவதும் பஸ் ஓட்டுவதும் பற்றிய தேர்தல்தானே, இதிலாவது வாக்கு இருக்குமென்று நினைக்காதீர்கள். இதிலும் குடிமக்களுக்கு மட்டுமே. நிரந்தர வதிவாளர்களுக்கு மாநகர வாக்குரிமை கொடுங்கள் என்று 2013 இலேயே ரொறன்ரோ நகரசபை மாகாணத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. வீட்டு வரியை வாங்கும்போது மாநகரம் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை, மாகாணமோ இந்தக் கோரிக்கைக்கு இன்றுவரை செவிசாய்க்கவில்லை.