புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று: தடுப்பதில் உங்கள் பங்கு

புற்றுநோய்க் கட்டியை அகற்றிய காயத்தில் சீழ் பிடித்தால், காயம் ஆறும் நாள் மட்டும் தள்ளிப்போவதில்லை. அடுத்து வரவேண்டிய கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்தே தள்ளிப்போகின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் கீமோ தேவைப்பட்டால், 6 முதல் 8 வாரங்களுக்குள் அதைத் தொடங்கிவிடவே மருத்துவர்கள் விரும்புவார்கள். அந்த வாரங்களை ஒரு தொற்று அப்படியே விழுங்கிவிடக்கூடும். புற்றுநோய் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கும் நான், இதனால்தான் ஒவ்வொருவரும் வந்து சேர்ந்த அன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.

செவிலியர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவோம். மருத்துவர் ரவுண்ட்ஸில் சில நிமிடங்கள் நிற்பார். காயத்தோடு இரவும் பகலும் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அறுவைக் காயத்தில் வரும் தொற்று பெரும்பாலும் 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். அதற்குள் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு அந்தக் காயத்தைப் பார்க்க எனக்கு வழியில்லை.

கத்தி படுவதற்கு முன்

புகைபிடிப்பவர் என்றால் அறுவை தேதி குறித்த அன்றே நிறுத்திவிடுங்கள். குறைந்தது 4 வாரங்கள் கிடைத்தால் காயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல பலன் உண்டு. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சுருங்கிய குழாய்கள் வழியே தையலின் விளிம்புக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச்சேராது. சர்க்கரையும் அப்படித்தான் காயத்தைக் கெடுக்கிறது. அறுவையின்போது ரத்தச் சர்க்கரை 200 மி.கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இதே அளவுதான். உங்கள் அளவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே ரேஸரால் முடியை மழித்துக்கொண்டு வராதீர்கள். சுத்தமாக வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ரேஸர் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமிகள் அங்கே குடியேறும். முடியை எடுக்கவே வேண்டாம், தேவைப்பட்டால் கிளிப்பரால் வெட்டினால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள், அது போதும்.

சொத்தைப் பல் வலி, தோலில் கொப்புளம், சிறுநீர் போகும்போது எரிச்சல் ஆகியவற்றை 'இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்' என்று மறைக்காதீர்கள். உடலில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் தொற்றை முதலில் சரிசெய்துவிட்டு அறுவைக்குப் போவதே நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் அதையும், எடை குறைந்துகொண்டே வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பெனிசிலின் போன்ற மருந்து எதுவாவது ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். கீறுவதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசியை அதைப் பொறுத்துத்தான் முடிவு செய்வார்கள். மண்ணீரலை எடுக்கப்போகிறார்கள் என்றால் தடுப்பூசிகளைப் பற்றி நீங்களே கேளுங்கள். இயன்றவரை அறுவைக்கு 2 வாரங்கள் முன்பே அவற்றைப் போட்டுவிட வேண்டும்.

கைகளைப் பற்றிக் கேளுங்கள்

நோயாளிகள் மிகவும் தயங்குவது இங்கேதான். என் கையைப் பார்ப்பார்கள், கிருமிநாசினிப் பாட்டிலைப் பார்ப்பார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வாரோ, டாக்டர் தவறாக நினைப்பாரோ என்ற பயம். வியன்னா மருத்துவமனையில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் டாக்டர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் மரணம் பெருமளவு குறைந்தது. அப்படியும் அவருடைய சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஒரு மருத்துவர் சொன்னதற்கே அந்தக் கதி என்றால், படுக்கையில் இருக்கும் நோயாளி தயங்குவதில் வியப்பில்லை. ஆனாலும் கேளுங்கள்.

கேட்க எளிய வழி ஒன்று உண்டு. பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். யார் காயத்தைத் தொட வந்தாலும் அதை நீட்டி, "டாக்டர், பார்ப்பதற்கு முன் இதைப் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். பேசவே முடியாத அளவு களைப்பு என்றால், கூட இருப்பவர் கேட்கட்டும். என்னிடம் இப்படிக் கேட்கும் நோயாளியை எனக்குப் பிடிக்கும். அவசரத்தில் நான் விட்டிருந்தால் அவர்தான் என்னைக் காப்பாற்றுகிறார். கையுறை போட்டிருக்கிறாரே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கட்டில் கம்பியையும் கைபேசியையும் தொட்ட கையுறை காயத்துக்குச் சுத்தமானதல்ல.

கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடிகள், சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடிகள் கைகளைத் தேய்க்க வேண்டும். இந்தக் கணக்கு உங்களுக்கும் பார்க்க வருபவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்லுங்கள். அதற்குக் காரணமாகக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கிருமிநாசினிக்குச் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் தேவை. சளி, காய்ச்சல் உள்ள உறவினர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் போனில் பேசட்டும்.

குழாய்கள், மூச்சு

உடலுக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வழி. அதனால் தினமும் ரவுண்ட்ஸில், "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று கேளுங்கள். சிறுநீர்ப் பை உங்கள் அடிவயிற்றைவிடக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. டிரிப்ஸ் ஊசி ஏற்றிய இடம் வலித்தாலோ தடித்தாலோ அடுத்த ஷிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மார்பகம், அக்குள் அறுவை செய்தவர்கள் பலர் டிரெயினோடு, அதாவது காயத்துக்குள் சேரும் திரவத்தை வெளியே இழுக்கும் குழாயும் அதன் முனையிலுள்ள குமிழுமாக, வீட்டுக்குப் போவார்கள். கை கழுவிவிட்டு, குமிழ் பாதி நிறைவதற்குள் திறந்து அளவுக் குவளையில் ஊற்றுங்கள். குமிழை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடியைப் போடுங்கள். அப்போதுதான் அது திரவத்தை உறிஞ்சும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. தேதி, மில்லிலிட்டர், நிறம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு நாளின் அளவு 20, 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலும் எடுப்பார்கள் என்பதால், உங்கள் குறிப்பேடுதான் அந்த முடிவுக்கு ஆதாரம். வெளிர்மஞ்சளாக வந்துகொண்டிருந்தது திடீரென்று கலங்கினாலோ நாற்றம் அடித்தாலோ அன்றே சொல்லிவிடுங்கள்.

வயிறு, மார்பு அறுவைக்குப் பின் நிமோனியாவும் ஒரு பெரிய ஆபத்து. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தங்கிவிடும். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் 10 முறை ஆழமாக மூச்சு இழுங்கள், எழுந்து நடங்கள், காலையும் இரவும் பல் துலக்குங்கள். வாயிலுள்ள கிருமிகளே நுரையீரலுக்குள் இறங்குகின்றன.

வீட்டில் காயத்தைப் பார்ப்பது எப்படி

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். முதல் சில நாட்களில் தையலோரம் லேசான வீக்கம், இளஞ்சிவப்பான கசிவு, பிறகு அரிப்பு வருவது இயல்புதான். குறைந்துவந்த வலி மீண்டும் கூடினால் கவனியுங்கள். சிவந்திருக்கிறதா என்று மட்டும் தேடாதீர்கள்: நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா நிறமாகவோ, பளபளப்பாகவோ தெரியும். புறங்கையை மெதுவாக வைத்து, எதிர்ப்பக்கத் தோலோடு சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் இருந்தால் அதன் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

காயத்தில் பொடி, எண்ணெய் எதையும் நீங்களாகப் போடாதீர்கள். மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து விழுங்குவதும் வேண்டாம். இந்தக் கவனிப்பை 30 நாள் வரை விடாதீர்கள். செயற்கை மார்பகம் போன்ற எதையாவது உள்ளே பொருத்தியிருந்தால் 90 நாள். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தக் கை என்றைக்குமே கவனம் கேட்கும். சிறு கீறலானாலும் உடனே கழுவி மூடுங்கள், தோட்ட வேலைக்குக் கையுறை போடுங்கள்.

எப்போது அழைக்க வேண்டும்

உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ் அல்லது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், குளிர் நடுக்கம் வந்தால், சீழோ நாற்றமோ இருந்தால், தையல் விலகினால் அன்றே அழையுங்கள். கீமோ நடக்கும் காலம் என்றால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அந்த 38 டிகிரியே அவசரநிலை, நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் சீழ்கூடச் சரியாக உருவாகாது, காய்ச்சல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து எழுதாமல் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளாதீர்கள். குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, சிறுநீர் மிகவும் குறைவது ஆகியவற்றுக்கு அழைத்துக் கேட்கவும் நேரமில்லை. நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அழைக்கும்போது 'உடம்பு சரியில்லை' என்று தொடங்காதீர்கள். என்ன அறுவை, எந்தத் தேதி, கடைசிக் கீமோ எப்போது, இப்போது சூடு எத்தனை, டிரெயினில் எவ்வளவு வந்தது என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் காலையில் வரச் சொல்லி, உங்களுக்கு அது சரியாகப் படவில்லை என்றால், பணியிலிருக்கும் மருத்துவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்.