கேமராவைப் பிடுங்கினாலும் பதிவு தப்ப வேண்டும்

வாசலிலோ கடை முகப்பிலோ மாட்டியிருக்கும் கேமராவைக் கெடுக்க நினைப்பவன் பெரும்பாலும் ஏணி போட்டு ஏறுவதில்லை. ஒட்டடைக் கம்பால் அதை வானம் பார்க்கத் திருப்பிவிடுகிறான். சுவரில் தொங்கும் ஒயரை வெட்டுகிறான். வெளியே இருக்கும் இ.பி. பெட்டியில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்குகிறான். உள்ளே நுழைந்துவிட்டால், படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறான். ஆகவே கேமராவின் உடலைக் காப்பது பாதி வேலைதான். ஒயர், மின்சாரம், பதிவுப் பெட்டி ஆகிய மூன்றையும் காத்தால்தான் வேலை முழுமை அடையும்.

எந்த உயரம்?

தரையிலிருந்து 10 அடி சரியான உயரம். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற கைக்கு எட்டாது, ஆனால் முகமும் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும் ஒரு முகத்தை, 10 அடியில் உள்ள கேமரா 15 அடி தள்ளிப் பார்த்தால் கீழ்நோக்கிய சாய்வு சுமார் 17 டிகிரி. கண், மூக்கு, தாடை எல்லாம் தெரியும். அதே கேமராவை 15 அடிக்கு ஏற்றினால் சாய்வு 32 டிகிரி ஆகிவிடும். நெற்றியும் தலைமுடியும்தான் பதிவாகும்.

உயரத்தைத் தரையிலிருந்து மட்டும் அளக்காதீர்கள். காம்பவுண்டு சுவர், சன்ஷேடு, ஏசி அவுட்டோர் யூனிட், வாசலில் நிறுத்தும் லோடு வண்டி என்று எதன்மேல் நின்றால் எட்டும் என்று பாருங்கள். எட்டும் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

முகத்துக்கென்றே இன்னொரு கேமராவை கிரில் கேட்டுக்கு உட்பக்கம், ஆறடி உயரத்தில் வைப்பது நல்லது. வெளியில் இருப்பவன் கை அங்கே போகாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் வைக்க வேண்டாம். இருட்டில் பார்க்க கேமரா வீசும் இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரவில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். இரண்டு கேமரா இருந்தால் ஒன்று மற்றதைப் பார்க்கும்படி திருப்புங்கள். ஒன்றை உடைப்பவன் இன்னொன்றில் விழுவான்.

டோமா, புல்லட்டா?

கை எட்டக்கூடிய இடம் என்றால், அரைக்கோள மூடி போட்ட உலோக டோம்தான். நீட்டிக்கொண்டிருக்கும் புல்லட் கேமரா கம்புக்கு வசதியான பிடி. மலையடிவார ஊர்களில் நாட்டுக் குரங்குகள் தொங்கிப் பார்ப்பதும் அந்தக் கழுத்தைப் பிடித்துத்தான். வாங்கும்போது பெட்டியில் ஐகே10 என்று இருக்கிறதா பாருங்கள். 5 கிலோ எடையை 40 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் ஏற்படும் அடியை, அதாவது 20 ஜூல் ஆற்றலை, தாங்கும் என்று அதற்குப் பொருள். ஐகே08 என்பது 5 ஜூல்தான். ஐபி67 என்பது வேறு. அது தூசிக்கும் தண்ணீருக்கும் உரியது, கல்லுக்கு அல்ல.

டோமில் ஒரு சிக்கல் உண்டு. லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்பு ஃபோம் வளையம் மூடியின் உட்புறத்தில் ஒட்டி அமர வேண்டும். இடைவெளி விட்டால் இரவில் படம் புகை மூட்டமாகத் தெரியும். மூடியின் திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வளையம் சரியாக அமரும்.

புல்லட்தான் இருக்கிறது என்றால், கோணம் வைத்து முடித்ததும் மூட்டுத் திருகுகளின் மரையில் நீல நிற த்ரெட் லாக்கரை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடேற்றினால்தான் கழலும். வெல்டிங் பட்டறையில் 8 மி.மீ. கம்பியில் கூண்டு செய்தும் போடலாம். கம்பி எதுவும் லென்ஸுக்கு முன்னால் வரக்கூடாது, வந்தால் இரவில் அந்தக் கம்பிதான் பளிச்சென்று தெரியும். மங்கலான கறுப்பு பெயின்ட் அடியுங்கள்.

சுவரில் இறுக்குவது

பெரும்பாலான கேமராக்கள் ஒரே இழுப்பில் வந்துவிடுவதற்குக் காரணம் கூடவே வரும் சின்ன பிளாஸ்டிக் பிளக். அதன் நீளம் ஓர் அங்குலம்தான் இருக்கும். நம் சுவர்ப் பூச்சே அரை முதல் முக்கால் அங்குலம். ஆக, பிளக் செங்கல்லைத் தொட்டும் தொடாமலும் பூச்சில் நிற்கிறது. செங்கல் சுவருக்கு 8 மி.மீ. பிட் போட்டு 60 மி.மீ. ஆழத்துக்குத் துளைத்து, தூசியை ஊதி எடுத்துவிட்டு, 50 மி.மீ. நைலான் பிளக்கும் அதற்கேற்ற எஃகுத் திருகும் போடுங்கள். தூசியை எடுக்காவிட்டால் பிளக் சுழலும். கான்கிரீட் என்றால் எஃகு ஆங்கர் ஃபாஸ்டனர். செங்கல் சுவரின் விளிம்பிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளித் துளையுங்கள், இல்லாவிட்டால் செங்கல் பிளந்துவிடும். ஹாலோ பிளாக் சுவரில் பிளக் நிற்காது. சுவரை ஊடுருவி நீள போல்ட் விட்டு, உட்பக்கம் தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும்.

வெளியே தெரியும் திருகுகள் சாதாரண ஸ்டார் தலையாக இருக்கக் கூடாது. நடுவில் முள் உள்ள டார்க்ஸ் திருகு வாங்குங்கள். அதற்கான சாவியை டிவிஆர் பெட்டிக்குள் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். தொலைத்துவிட்டால் லென்ஸ் துடைக்கக்கூட உங்களால் திறக்க முடியாது.

ஒயர்

கவனம் எல்லாம் இங்கேதான் தேவை. கேமராவின் முதுகிலிருந்து ஓரடி வால் ஒன்று தொங்கும். அதன் முனையில் பிஎன்சி (வீடியோ இணைப்பு), டிசி பின் (மின் இணைப்பு) அல்லது நெட்வொர்க் சாக்கெட் இருக்கும். அதை வெளியே தொங்க விட்டால், வெட்டக்கூட வேண்டாம், கையால் கழற்றிவிடலாம். கேமராவின் அடித்தகட்டுக்கு நேர் பின்னால் 20 மி.மீ. துளை போட்டு, வால் முழுவதையும் சுவருக்குள் தள்ளுங்கள். மழைநீர் உள்ளே வராமல் இருக்க, துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும். சுவரைத் துளைக்க வழியில்லை என்றால் உலோக ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அதன்மேல் கேமராவை மாட்டுங்கள். நான்கு திருகு போட்ட பிளாஸ்டிக் பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியே எடுத்துவிடலாம். சிலிக்கான் பூசும்போது மேல்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் பூசிக் கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே கசியும் நீர் அந்த வழியாக வடியும்.

ஒயர் வெளிச்சுவரில்தான் ஓட வேண்டும் என்றால், பத்தடி உயரம் வரை ஜி.ஐ. பைப்புக்குள் விடுங்கள். இரண்டடிக்கு ஒரு சேடில் போடுங்கள். பிவிசி பைப் வெயிலில் நொறுங்கும், அணிலுக்கும் எலிக்கும் பல் பதியும். நெட்வொர்க் ஒயரில் இணையும் ஐபி கேமராவாக இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு: கேமராவைக் கழற்றியவன் அந்த ஒயரை லேப்டாப்பில் சொருகினால் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் வரலாம். கேமராக்களை என்விஆரின் (ஐபி கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி) பின்புற போர்ட்டுகளிலேயே இணைத்தோ, நெட்வொர்க் சுவிட்சில் தனி விலான் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) ஒதுக்கியோ அதைத் தடுங்கள்.

மின்சாரம் போனால்

நான்கு கேமரா, டிவிஆர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து இரவில் 50 வாட் அளவில் இழுக்கும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி உள்ள சிறிய யுபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. வீட்டில் 150 ஏஎச் இன்வர்ட்டர் இருந்தால் அந்த லைனிலேயே இணைத்துவிடுங்கள். மற்ற சுமை அதிகம் இல்லாவிட்டால் இரவு முழுக்க ஓடும். ரவுட்டரையும் சேர்த்து இணைக்க மறக்க வேண்டாம், அது அணைந்தால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வராது.

பதிவுப் பெட்டி

டிவி மேசையில் டிவிஆரை வைத்திருப்பவர்கள் திருடனுக்குச் சாட்சியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பரண், பூட்டிய அலமாரி போன்ற இடம் தேடுங்கள். பூட்டும் இரும்பு ரேக் வாங்கினால், உள்ளிருந்து ஆங்கர் அடித்துச் சுவரோடு இறுக்குங்கள். சுற்றிலும் இரண்டு அங்குலம் காற்றோட்டம் வேண்டும், ஹார்ட் டிஸ்க் சூட்டில்தான் சாகும். மானிட்டரிலிருந்து போகும் எச்டிஎம்ஐ ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் டிவிஆர் கிடைத்துவிடும். அதனால் அந்த ஒயரைச் சுவருக்குள் விடுங்கள், அல்லது போனில் மட்டும் பாருங்கள். பழைய, ஓடாத டிவிஆர் ஒன்றைக் கண்ணில் படும்படி ஹாலில் விட்டுவைப்பதும் பலன் தரும்.

கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டு துணைதான். கேமரா போனால் அதுவும் போகும். வாசல் கேமரா ஒன்றுக்காவது கிளவுட் பதிவு போடுங்கள். வயல் மோட்டார் கொட்டகையில் வைக்கும் சோலார் 4ஜி கேமராவுக்கு இது கட்டாயம்.

பிறகு டிவிஆர் மெனுவில் ‘வீடியோ லாஸ்’ (படம் அறுந்தால்), ‘வீடியோ டேம்பரிங்’ (லென்ஸை மறைத்தால்) இரண்டையும் ஆன் செய்து, போனுக்கு அறிவிப்பு வரும்படி வையுங்கள். லென்ஸைத் துணியால் மூடிப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சோதியுங்கள். இரவில் சிலந்தி வலையாலும் வண்டி விளக்காலும் பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள், அணைத்துவிடாதீர்கள்.

பெயின்ட் அடித்துவிட்டால் டோம் மூடியைத் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் வெடித்து மங்கிப்போகும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை முயன்று பாருங்கள், போகாவிட்டால் மூடியை மாற்றுங்கள்.

கேமரா திருடு போனால் கொடுக்க, சீரியல் எண்ணையும் பில்லையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வீடியோவை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். டிவிஆர் கடிகாரம் தவறாக ஓடினால் அங்கே கேள்வி எழும், நேரத்தைச் சரியாக வைத்திருங்கள். 1 டிபி டிஸ்க்கில் நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால், 11 நாள் கணக்கில் பழையது அழிந்துவிடும். புகார் எழுதும் முன்பே அந்த நேரத்துப் பதிவை இரண்டு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.