ராஸ் மீன் வாங்கும் முன்: நிறத்தை விடுங்கள், உறங்கும் இடத்தைப் பாருங்கள்

கடல்நீர்த் தொட்டிக்கு ராஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். ஆனால் ராஸ் என்ற இந்த மீன் குடும்பத்தில் நிறம் நிலையானதல்ல. குஞ்சுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு, ஆணுக்கு இன்னொன்று. பெண்ணாக இருந்த மீனே பின்னாளில் ஆணாக மாறுவதும் வழக்கம். சிவப்பு உடலில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகளோடு நீந்தும் கோரிஸ் கைமார்ட் என்ற ராஸின் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். அது 40 செ.மீ. வரை வளரும், கற்களைப் புரட்டும், இறாலையும் நத்தையையும் தின்னும். ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: எவ்வளவு வளரும், எங்கே உறங்கும், யாரோடு மல்லுக்கு நிற்கும்.

முக்கியமானது உறக்கம்தான். ஹாலிகோரஸ், லெப்பர்ட், கோரிஸ் வகைகள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும். பயந்தாலும் அதே மணலுக்குள்தான் பாயும். இவற்றுக்கு 1 மி.மீ. அல்லது அதைவிட நுண்ணிய மணல், 5 முதல் 8 செ.மீ. ஆழம் வேண்டும். பவளச் சரளை உடலைக் கீறும், கீறலில் தொற்று வரும். அடியில் மணலே போடாத தொட்டி என்றால் இந்த வகைகளை மறந்துவிடலாம். மனமில்லை என்றால் ஒரு மூலையில் 20 செ.மீ. சதுரப் பெட்டியில் 8 செ.மீ. மணல் நிரப்பி வையுங்கள், சிறிய ராஸ் ஒன்றுக்கு அது போதும். பாறைகளை மணல்மேல் அடுக்காதீர்கள். அடித்தளத்தில் உறுதியாக நிறுத்திய பிறகு சுற்றிலும் மணல் கொட்டுங்கள்; இல்லாவிட்டால் மீன் அடியில் தோண்ட, பாறை சரியும்.

ஃபெய்ரி, ஃபிளாஷர், ஆறுகோட்டு ராஸ் ஆகியவை பாறை இடுக்கில் உறங்கும். சுற்றிலும் சளியால் மெல்லிய உறை கட்டிக்கொள்ளும். காலையில் கண்ணாடி போன்ற படலம் மிதந்தால் அது நோயல்ல, இரவுப் போர்வையின் மிச்சம்.

எந்த வகையானாலும் மூடி கட்டாயம். ராஸ் குதிக்கும், அதிலும் துரத்தப்படும்போதும், விளக்கு சட்டென்று அணையும்போதும் குதிக்கும். 6 மி.மீ. கண் வலை போதுமானது. 12 மி.மீ. வலையில் இளம் ஃபிளாஷர் நழுவிவிடும். குழாய்க்கும் மின்கம்பிக்கும் விட்ட ஓட்டைகளைத்தான் பலர் மறக்கிறார்கள். மீன் அவற்றைக் கண்டுபிடித்துவிடும்.

இனித் தேர்வு. எங்கள் கணக்கில், மணல் உள்ள 200 லிட்டர் தொட்டிக்கு முதல் ராஸ் என்றால் ஹாலிகோரஸ் க்ரைசஸ். கடைகளில் ‘யெல்லோ கோரிஸ்’ என்பார்கள், ஆனால் மேலே சொன்ன கோரிஸ் இனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுமார் 12 செ.மீ.தான் வளரும், சாதுவானது, வாழ்நாள் முழுக்க மஞ்சளாகவே இருக்கும். நாள் முழுக்கப் பாறையை மேய்ந்து தட்டைப்புழு, சிறு முட்புழு, சிப்பிகளை உறிஞ்சும் குட்டி நத்தைகள் ஆகியவற்றைப் பொறுக்கும். தொட்டி முழுக்கப் புழு மண்டிய பிறகு இதை மருந்தாக நம்பி விடாதீர்கள். ஹாலிகோரஸ் மெலனூரஸ் இதன் துடுக்கான உறவு. வளர்ந்தபின் சிறிய அலங்கார இறாலைத் தின்னக்கூடும்.

இறாலும் நத்தையும் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் ஃபெய்ரி அல்லது ஃபிளாஷர். இவை நீரோட்டத்தில் மிதந்து வரும் மிகச் சிறிய விலங்குகளைப் பிடித்துத் தின்பவை; பவளத்தைத் தொடாது, புழுக்களையும் ஒழிக்காது. ஃபிளாஷர் சுமார் 8 செ.மீ., அதற்கு 150 லிட்டர் போதும். ஃபெய்ரியில் பல இனங்கள் 10 செ.மீ.க்கு மேல் போகும். அவற்றுக்கு 250 லிட்டராவது வேண்டும். ஆண் ஃபிளாஷரைத் தனியாக வளர்த்தால், துடுப்பை விரித்துக்காட்ட ஆளில்லாமல் சில மாதங்களில் மங்கிவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று சேர்த்து வாங்குங்கள். ஒரே இனத்தில் இரண்டு ஆண் வேண்டாம். இரு வகையும் வேண்டுமென்றால் ஃபிளாஷரை முதலில் விடுங்கள். பெரிய ஃபெய்ரி முன்பே குடியேறியிருந்தால் பின்னால் வரும் ஃபிளாஷரை விரட்டியே கொன்றுவிடும்.

100 லிட்டர் அளவிலான சிறு தொட்டியில் பலரும் ஆறுகோட்டு ராஸை விடுகிறார்கள். திடமான மீன், எதையும் தின்னும். ஆனால் சில மாதங்களில் தொட்டிக்கே நாட்டாமை ஆகி, பிறகு வரும் எந்தச் சிறு மீனையும் விடாது. அதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். வாங்கியே தீருவேன் என்றால் கடைசி மீனாக விடுங்கள். அந்த அளவுத் தொட்டிக்குப் பொருத்தம் பாஸம் ராஸ்: 6 செ.மீ. அளவு, கூச்சமான மீன், மெதுவாகத் தின்னும். வேகமாகத் தின்னும் மீன்களோடு விட்டால் பட்டினிதான்.

லெப்பர்ட் ராஸ் அழகில் முதலிடம், முதல் மீனாக வாங்குவதில் கடைசி இடம். பாறையிலுள்ள கோப்பெபாட் போன்ற மிகச் சிறிய ஓட்டுயிர்களைக் கொத்தியே வாழும் என்பதால், ஆறு மாதத்துக்கு மேல் ஓடிய, பாறை நிறைந்த தொட்டியில்தான் தேறும். சுத்தம் செய்யும் கிளீனர் ராஸை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிற மீன்களின் ஒட்டுண்ணியே அதன் உணவு, வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் மெலிந்து சாகும்.

கடையில், தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத ராஸை வாங்காதீர்கள். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டியிருந்தால் நீண்ட பட்டினி. மணலில் உறங்கும் வகையை வெறும் தளத்தில் வைத்திருந்தால் வாயை உற்றுப் பாருங்கள். தரையில் முட்டி முட்டித் தாடை புண்பட்டிருக்கலாம். தலை கவிழ்ந்து, மேலெழும்பாமல் இருக்கப் போராடினால், ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றியதில் காற்றுப்பை கெட்டிருக்கும். வந்திறங்கிய அன்றே வாங்காமல் ஒரு வாரம் பொறுங்கள்.

வீட்டில் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோய் இருக்கிறதா என்று பாருங்கள். மணல் வகைக்கு அங்கேயும் ஒரு டப்பாவில் மணல் வையுங்கள். செப்பு மருந்து போடுவதாக இருந்தால் பவள மணல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா மணல் போட்டு, செப்பின் அளவைத் தினமும் சோதியுங்கள். பிரதானத் தொட்டியில் ஏற்கெனவே ராஸ் இருந்தால், புதியதை ஓட்டையிட்ட தெளிவான பெட்டியில் 3 முதல் 5 நாள் வைத்து, பழையது கண்ணாடியில் மோதுவதை நிறுத்திய பிறகு திறந்துவிடுங்கள். நீரின் வெப்பம் 24–26 டிகிரி செல்சியஸ், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025.

தினம் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக மைசிஸ், சத்தேற்றிய ஆர்டீமியா (இரண்டும் இறால் போன்ற சிற்றுயிர்கள்), சிறு குருணைத் தீனி கொடுங்கள். உறைந்த தீனியைத் தொடாவிட்டால் உயிருள்ள ஆர்டீமியாவில் தொடங்கி மெல்ல மாற்றுங்கள்.

மணல் ராஸ் விட்ட அன்றே புதைந்து சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும், காணாமல் போகும். பழைய கடலின் பகலிரவுக் கணக்கிலேயே அது இன்னும் இருக்கிறது. நள்ளிரவில் வெளியே வந்து திரும்பியிருக்கவும் கூடும். மணலைக் கிளறாதீர்கள். இரண்டு வாரம் ஆகியும் தென்படவில்லை என்றால் முதலில் நீர் வழிந்தோடும் பெட்டியையும், அந்த நீர் போய்ச் சேரும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும், அடுத்து தொட்டிக்குப் பின்னால் தரையையும் பாருங்கள், அம்மோனியாவையும் சோதித்துவிடுங்கள்.